பூட்டாத கம்பிகள்

பதினாறு வருடம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டேன். போதும். செத்தவனைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நீ எவரையும் பேசவிடவில்லையே, பிறகு எப்போதுதான் சொல்வது?

சனிக்கிழமை லண்டன் செவன் கிங்ஸில், உன் வீட்டுக் கராஜுக்குள் நின்றேன். உன் மகள்தான் கூப்பிட்டாள். கதவைத் தூக்கியதும் பழைய எஞ்சின் எண்ணெயும் ரப்பரும் கலந்த வாடை மூக்கில் அடித்தது. வட சுவீடனில் உன் தம்பி வீட்டுக் கொட்டிலின் வாடை. உடனே என் இடது முழங்கால் கடுக்கத் தொடங்கியது.

அவள் இரண்டு காரியம் கேட்டாள். ஒன்று, உன் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு ஒரு பக்கம். "அப்பான்ர பெஸ்ட் பிரெண்ட் நீங்கள்தானே மாமா." மற்றது, சுவரோரம் சாய்ந்து நின்ற ஒரு சோடி செம்மஞ்சள் ஸ்கீ பற்றி. "பெப்ரவரியில நானும் இவரும் சித்தப்பாட்ட போறம். ஸ்னோ ஸ்கூட்டருக்கு இதையே பூட்டலாமோ, புதுசு வாங்க வேணுமோ? பாதையிலயும் ஓடுவம், காட்டுக்குள்ளயும் போவம்."

பாதையிலும் காட்டுக்குள்ளும். அதே கேள்வி.

பிள்ளைகளின் படிப்புக்கென்று நீ சுவீடனிலிருந்து லண்டனுக்கு மாறிய பிறகும், வருடம் ஒருமுறை பனிக்காலத்தில் உன் தம்பியிடம் போவோம். பனியில் ஓடும் வண்டியை அங்கே ஸ்கூட்டர் என்றுதான் சொல்வார்கள். பின்னால் ஒரு பட்டி சுழன்று தள்ளும். முன்னால் இரண்டு ஸ்கீ, அவைதான் திருப்பும். பதினாறு வருடத்துக்கு முன் உன் வண்டியில் பழையவை தேய்ந்துபோக, புதிது வாங்க நாங்கள் இருவரும் கடைக்குப் போனோம்.

தாடி வைத்த கடைக்காரன் எங்கே அதிகம் ஓடுவீர்கள் என்று கேட்டான். "எல்லா இடமும்" என்றாய். அவன் சிரிக்கவில்லை. எனக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில், பொறுமையாகச் சொன்னான். அகலமான ஸ்கீ புதைபனியில் மிதக்கும், ஆனால் இறுகிய பனிப்பாதையில் திருப்பக் கனக்கும், விலகி வழுக்கும். ஒடுங்கியது பாதையைப் பிடிக்கும், காட்டுக்குள் மூக்கைப் புதைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் வேண்டுமென்றால் நடுத்தர அகலத்தில் எடுங்கள், அடியில் நீளத்துக்கு ஓடும் வரம்பு ஆழமாக இருக்கிறதா பாருங்கள், அதில் கார்பைட் பதித்த கம்பியைப் பூட்டுங்கள், பனியைக் கடித்துப் பிடிப்பது அதுதான். கம்பி இல்லாமல் இறுகிய பாதையில் ஏறவேண்டாம். இதைக் கடைசியில் இன்னொரு தரமும் சொன்னான்.

நான் நடுத்தரத்தை எடுத்துத் தந்தேன். கறுப்பு. "டேய் மாஸ்டர், இது செத்தவீட்டுக்குப் போட்டுப்போற சப்பாத்து மாதிரிக் கிடக்கு" என்றாய். இருப்பதில் அகலமானதை, கண்ணைக் குத்தும் செம்மஞ்சளில் எடுத்தாய். "கம்பியைப் போட்டால் பாதையிலயும் பிடிக்கும். ரெண்டுக்கும் ஒண்டே காணும்."

உன் சீவியம் முழுவதும் அப்படித்தான். கோயில் நிர்வாகம் இரண்டாக உடைந்தபோது காலையில் ஒரு பகுதியோடு தேத்தண்ணி, பின்னேரம் மற்றப் பகுதியோடு. இரண்டு இடத்திலும் நீதான் நல்லவன்.

அடுத்த நாள் காலை ஸ்கீ இரண்டும் வண்டியில் ஏறியிருந்தன. "கம்பி?" என்று கேட்டேன். கையுறையைப் பல்லால் இழுத்தபடியே, "போட்டாச்சு. உனக்குச் செய்கை காட்டினால்தானே மார்க்ஸ்" என்றாய். விடைக்கு வந்த வழியையும் கேட்கும் கணக்கு வாத்தியார் என்றால் உனக்கு எப்போதும் இளக்காரம்.

அன்று காட்டுக்குள் போனோம். நீ ஓட்டினாய், நான் பின்னால். இடுப்பளவு பனியில் அந்தச் செம்மஞ்சள் மூக்குகள் ஒருதரமும் தாழவில்லை. பொய் சொல்லமாட்டேன், எனக்கு உன்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. மறுநாள் பாதை. இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. "இண்டைக்கு நீ ஓடு" என்று வண்டித் திறப்பைத் தந்துவிட்டு, நீ தம்பியின் வண்டியில் பின்னால் வந்தாய்.

மூன்றாவது வளைவு. கைப்பிடியைத் திருப்பினேன், ஸ்கீ திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேரே போய் ஒரு பேர்ச் மரத்தில் முட்டியது.

ஆஸ்பத்திரியில் உன் முதல் கேள்வி, "ஏன்ரா அவ்வளவு வேகமா வந்தனி?" எல்லாருக்கும் கேட்கக் கேட்டாய். வேகமாம்! தோர்ண்டன் ஹீத்தில் என் வீட்டு வாசலில் பஸ் நகரும் வேகம்தான். ஸ்கீ பிடிக்கவில்லை என்றேன். "பிடிக்கத் தெரிய வேணும்" என்றாய். உன் தம்பி சிரித்தான்.

அதற்குப் பிறகு நான் மரத்து மாஸ்டர். பிறந்தநாள், கலியாணம், சாமத்தியவீடு, எங்கே போனாலும் கறிபரிமாறி முடிய உன் கதை தொடங்கும். "மாஸ்டருக்கு எல்லாம் நேர்கோடு. வளைவு சிலபஸில இல்லை." சனம் சிரிக்கும். தெரியாதவர்களுக்கு நீ எழும்பி நடித்துக் காட்டுவாய், என் நொண்டலையும் சேர்த்து. ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்கிக் கோயில் மேட்டில் நான் ஏறும்போது, "அண்ணை, மரம் கவனம்!" என்று நேற்று முளைத்ததுகள் எல்லாம் சத்தம்போட்டன. என் மாணவர்களின் காதுக்கும் போயிற்று. நான் சொல்லிப் பார்த்தேன். ஓட்டத் தெரியாதவன் ஸ்கீயைக் குறை சொல்கிறான் என்றார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

உன் கடைசிக் கிழமையில் வந்து கட்டிலருகே இருந்தேன். கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டாய். "இப்பவும் நோகுதோ?" "ஓம்" என்றேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். அந்த நேரம் நர்ஸ் உள்ளே வந்தாள். இவர் ஒரு மரத்தோடு சண்டைபிடித்தவர் என்று ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னாய். அவளும் சிரித்தாள்.

செத்தவீட்டிலும் அதே கதைதான். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒருவன் சொன்னான். அழுதுகொண்டிருந்த உன் மனைவி அதைக் கேட்டுச் சிரித்தா. நானும் பல்லைக் காட்டினேன். அந்தப் பல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். தேத்தண்ணி போட உன் மகள் உள்ளே போனாள். ஸ்கீயைக் கவிழ்த்தேன். அடிவரம்பில் கம்பி இருக்கவேண்டிய பள்ளம் வெறுமையாகக் கிடந்தது. துளைகளைப் பெருவிரலால் தடவினேன். ஒருநாளும் ஒரு நட்டு இறுக்கப்படாத துளைகள், ஓரத்துப் பூச்சுக்கூட உரியவில்லை. மற்றதும் அப்படியே. பின்னால் அந்தக் கடையின் அட்டைப்பெட்டி. ஒட்டிய டேப் கிழியாமல் இருந்தது. அசைத்தேன். உள்ளே கம்பிகள் கிலுகிலுத்தன.

ஸ்கீ இரண்டையும் நீ வண்டியிலிருந்து கழற்றி லண்டன்வரை கொண்டுவந்தது எனக்கு விளங்குகிறது. தம்பி கவிழ்த்துப் பார்த்துவிடுவான் என்ற பயம். எறியாமல் வைத்திருந்ததுதான் விளங்கவில்லை. பதினாறு வருடம் உன் காருக்குப் பக்கத்தில் நின்றிருக்கின்றன. ஒவ்வொரு காலையும் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுத்தான் கோயில் மண்டபத்துக்கு வந்து மரக்கதை சொன்னாயா?

என் பிழையையும் எழுதவேண்டும். விடை சரியாக இருந்தாலும் செய்கை இல்லாவிட்டால் மார்க்ஸ் போடாதவன் நான். அன்று குனிந்து அடியைத் தடவிப் பார்க்க அரை நிமிடம் போதும். "போட்டாச்சு" என்று நீ சொன்னதற்கு முழு மார்க்ஸ் போட்டேன்.

அவள் தேத்தண்ணியோடு வந்தபோது பெட்டி என் கோட்டுக்குள் இருந்தது. "பிறகு சொல்லுறன் பிள்ளை" என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். பேசாமல் இருந்தால் அவள் அந்தச் செம்மஞ்சளையே பூட்டுவாள், அப்பா வைத்திருந்தது என்று கும்பிட்டுக்கொண்டு பூட்டுவாள். அந்த மூன்றாவது வளைவு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே நீ சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்கிறேன். பிள்ளை, இவற்றைத் தூக்கி எறி. நடுத்தர அகலத்தில் வாங்கு, சித்தப்பாவின் வண்டிக்குப் பொருந்துமா என்று முதலில் கேள். அடிவரம்பு ஆழமாக இருக்கட்டும். பாதையின் பழைய தடங்களுக்குள் இழுபடாமல் இருக்க, இரட்டை வரம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. காட்டுக்குள் அப்பாவைப்போல மிதக்கமாட்டாய், கொஞ்சம் புதைவாய்; பரவாயில்லை. கம்பியை நீயே பூட்டு. யாராவது "போட்டாச்சு" என்றால், அது உன் புருசனே என்றாலும், கவிழ்த்துப் பார். நான் இப்போது எதையும் அப்படித்தான் பார்க்கிறேன், கடையில் வாங்கும் சட்டியைக்கூட. மச்சான், உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த முழங்காலும் இந்தப் பழக்கமும்தான்.

கம்பிப் பெட்டியை, டேப்பைக் கிழிக்காமலே, இந்தத் தாள்களால் சுற்றி உறையில் வைக்கிறேன். உறையின்மேல் உன் பெயர். உனக்கு வரும் தபாலை இப்போது பிரிப்பவள் உன் மகள்தான். மலரில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதியவரின் பெயர் இருக்கவேண்டுமாம், பெயர் இல்லாததை அச்சில் ஏற்றமாட்டார்கள். பெயரைப் போட்டால் ஆர்ச்வேயிலிருந்து தோர்ண்டன் ஹீத்வரை சனம் வாசிக்கும், உன் மனைவியும் வாசிப்பா. அவவின் சிரிப்பைக் காப்பாற்றுகிறேன் என்று நான் நல்லவன் வேஷம் போடவில்லை. உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் அச்சாகக்கூடாது, அவ்வளவுதான். உன் மகளுக்கு என் எழுத்துத் தெரியும்.

செய்கை முழுவதையும் காட்டிவிட்டேன். என் பெயர் எழுதாமலே நாளைக் காலை தபாலில் போடுகிறேன்.