வெள்ளைக் கூழ்

ஜூலை 9, புதன்

பழைய விடைத்தாள்களை ஊறவைத்து அரைத்து, பிள்ளைகள் செய்த காகிதத்தில் இன்றுதான் முதல் அச்சு எடுத்தோம். சாம்பல் நிறம், அங்கங்கே திருத்திய சிவப்பு மையின் துணுக்குகள். எனக்குப் பிடித்திருந்தது.

தலைமையாசிரியை தொட்டுப் பார்த்து, “நோங்ரா லாக்சே” என்றார் வங்காளத்தில். அழுக்காகத் தெரிகிறதாம். கண்காட்சிக்கு வெள்ளையாக வேண்டுமாம். மதியம் பியூன் பிரிக்காத ஜெராக்ஸ் பேப்பர் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதைக் கிழித்து ஊறவைக்க வேண்டுமாம்.

வகுப்பில் தமிழ் பேசும் ஒரே பெண் மீனா கேட்டாள்: “மிஸ், இது புதுசாச்சே? இதுலயே பிரின்ட் பண்ணலாமே?”

பிள்ளைகள் யாரும் கை வைக்காமல் என்னையே பார்த்தார்கள். முதல் தாளை நான்தான் கிழித்தேன். பிறகு எல்லோரும் கிழித்தார்கள்.

கண்காட்சிக்கான அட்டையையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்: ‘கழிவுக் காகிதத்தில் செய்தது.’