வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மார்ச் 4, புதன்

நாளைக்குப் போக வேண்டிய குழந்தைகள் காப்பகத்துக்கு இன்றே போய் நின்றேன். தேதிக் குழப்பம். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்வையிடப் போவதுதான் எங்கள் நகராட்சி வழக்கம். பிள்ளைகள் தூங்கும் அறைக் கதவில் தாழ்ப்பாள் — வெளிப்பக்கம்.

"ராத்திரி எந்திரிச்சு நடக்குதுங்க மேடம், பாதுகாப்புக்குத்தான்" என்றார் காப்பாளர்.

போன மாதம் நான் இங்கே அனுப்பிய இரண்டு சிறுமிகளில் அக்கா, தங்கையின் கையை விடவேயில்லை.

மார்ச் 5

மேலதிகாரியோடு முறைப்படி போனோம். தாழ்ப்பாளைக் காணோம்! கதவில் ஈரப் பெயின்ட்.

"எதையோ பாத்து எதையோ நினைச்சிருப்பே" என்றார் மேலதிகாரி. விரலில் ஒட்டியிருந்த பெயின்டைக் காட்டினேன்.

"சரிம்மா, அந்த ரெண்டையும் அங்கேர்ந்து எடுத்தா எங்க வைப்பே? சேர்த்து வைக்க எங்கயும் இடமில்ல. ஒண்ணு இங்க, ஒண்ணு வெளியூர்லன்னு பிரிச்சுத்தான் வைக்கணும்."

மார்ச் 9

எடுத்தால் அக்கா ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். விட்டால் தாழ்ப்பாள் திரும்ப வரும். என்ன பொழப்பு இது? பயமா இருக்கு. வேற ஒண்ணும் தோணல.

மார்ச் 12

நகராட்சிக் கூட்டத்தில் கேட்டேவிட்டேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மொத்த ஒப்பந்தத்தையும் ஒரே காப்பகத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்? நம் ஊரிலேயே பிள்ளை வளர்க்க முன்வரும் வீடுகளோடு போடுவோம். கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்று நிபந்தனையும் வைப்போம்.

"முதல்ல ஒரு வீட்டைக் கொண்டு வா, பாப்போம்" என்றார் மேலதிகாரி.

மார்ச் 26

ஒரு வீடு கிடைத்தது. பஸ் ஓட்டுகிற அம்மா, தையற்காரக் கணவர். அவர்களைப் பற்றிய விசாரணை முடிய நாளாகும். அதுவரை சொல்லாமல் கொள்ளாமல் காப்பகத்துக்குப் போய் நிற்கிறேன். நான் போகாத ராத்திரிகளில்?

ஏப்ரல் 20

அக்கா, தங்கை இருவரையும் அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இங்கேயும் ஏதாவது ஆனால்? ஒவ்வொரு கதவின் வெளிப்பக்கத்தையும் தடவிப் பார்த்தேன்.

"என்ன மேடம், கதவு வாங்க வந்தீங்களா?" என்று சிரித்தார் தையற்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 23

ஓட்டுநரம்மா போன் செய்தாள். "மேடம், பெரியவ ரூமைத் தாப்பாப் போட்டுட்டா."

உயிரே போய்விட்டது. "எந்தப் பக்கம்?"

"உள்பக்கந்தான். தட்டினா, 'தங்கச்சி தூங்குறா, சத்தம் போடாதீங்க'ன்னு என்னையே அதட்டுறா!"

போனை வைத்துவிட்டு அழுதேன். அந்தக் காப்பகத்தில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளைக்கும் சொல்லாமல்தான் போகிறேன்.