எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்களா?

1987 ஜூலை 9, வியாழன்

காலையில் திருமங்கலம் டீக்கடையில் பேப்பரைச் சத்தமாக வாசித்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பையன் வெடிமருந்து ஏற்றிய லாரியை ராணுவ முகாமுக்குள் ஓட்டிப்போய், தானும் சேர்ந்து வெடித்துவிட்டானாம். நாலு வருஷத்துக்கு முன்னால் லெபனானிலும் வெளிநாட்டு ராணுவம் தங்கியிருந்த கட்டடத்தில் இப்படித்தான் லாரியை மோதினார்கள் என்றார் கடைக்காரர்.

"வீரன்னா அவன்தாண்ணே," என்றான் என்னோடு லாரி ஓட்டும் முருகன். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் வாய் வேறு எதையோ கேட்டது.

"கெளம்பும்போது டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சிருப்பாங்களா மாப்ள?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கேலியாகக் கேட்கவில்லை. வண்டியும் ஆளும் நல்லபடியாகத் திரும்பி வரத்தான் நாங்கள் பழம் வைத்து நசுக்குகிறோம். திரும்பி வராத வண்டிக்கு என்னவென்று வேண்டிக்கொண்டு வைப்பது? வைக்காமல்தான் ஒருத்தனை எப்படி அனுப்புவது?

பெருமைப்படுவதா அழுவதா, தெரியவில்லை. சாயங்காலம் பேரையூர் ரோட்டில் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. நான் நினைப்பதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. முகாமுக்குள் ஓட்டிப்போனபோது அந்தப் பையனுடைய கால் எங்கே இருந்தது?

விடிந்தால் லோடு ஏற்றப் போகவேண்டும். என் மனைவி நாலு பழத்தை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுத் தூங்குகிறாள்.