இருட்டறை எலிகள்

மார்ச் 4
புற்றுநோய் மருந்துச் சோதனையில் அக்காவையும் சேர்த்துக்கொண்டார்கள். மருந்தைத் தேர்ந்தெடுத்தது எங்கள் ஆய்வகத்தின் செயற்கை நுண்ணறிவு, கலந்தது நான். ஊசியில் ஏற்றி, நாக்கின் கட்டிமேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் கட்டி வெந்துவிடும். மருந்து உடம்பில் இருக்கும்வரை வெயிலும் அப்படித்தான் சுடும். இரண்டே நாளில் மருந்து தோலைவிட்டு இறங்கிவிடும் என்கிறது அந்தச் செயற்கை நுண்ணறிவு நிரல்.

“அறுத்தா பேச்சு போயிடும்க்கா.”

“உங்க மாமாவுக்குக் கொண்டாட்டம்.”

மார்ச் 11
ஊசி. ஒளி. வலிக்கவில்லை என்றாள். பொய்.

மார்ச் 14
இரண்டு நாள் தாண்டிவிட்டதே என்று நான்தான் வெளியே போகலாம் என்றேன். துணி காயப்போடப் போனாள். முகம், கை எல்லாம் கொப்புளம். கண் திறக்க முடியவில்லை.

மார்ச் 15
“அவங்க தோல் அப்படி,” என்றார் ஆய்வகத் தலைவர். மற்ற நோயாளிகள் இன்னும் வார்டில், திரைக்குப் பின்னால். வெயிலில் இறங்கிய முதல் ஆள் அக்கா.

மார்ச் 19
எலிகள். நிரலுக்குக் காட்டிய அத்தனை எலிகளையும் ஊசிக்குப் பின் இருட்டறையில்தான் வைத்திருந்தோம். எதற்கும் தோல் வேகவில்லை. எப்படி வேகும்? அதைத்தான் ‘பாதுகாப்பு’ என்று நிரல் படித்திருக்கிறது.

மார்ச் 26
கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. இன்னும் ஒரு ஊசி போதும் என்கிறார் மருத்துவர். அக்கா வெடித்த உதட்டோடு சிரித்தாள்.

“போடச் சொல்லு. முகம் போனா போகட்டும், எனக்கென்ன மாப்பிள்ளையா பாக்கறீங்க?”

மார்ச் 28
இருட்டறை எலிகளை நீக்கிவிட்டு அக்காவின் கொப்புளங்களை நிரலுக்குக் கொடுத்தேன். அதன் பட்டியலில் முதலிடத்தில் இருந்த மருந்து கடைசிக்குப் போனது. தலைவரிடம் காட்டினேன். சோதனையை நிறுத்தி, மிச்ச மருந்தை அழிக்கச் சொல்லிவிட்டார்.

“அக்காவுக்கு மட்டும் ஒரு ஊசி, சார்.”

“பாதுகாப்பில்லைனு எழுதிக் குடுத்தது யாரு?”

மார்ச் 29
“மருந்து இறங்கற வரைக்கும் ஒரு மாசம் இருட்டுல கிடந்திருப்பேனேடி. ஏன் சொன்னே?”

அடுத்தவங்க முகம் வெந்துடுமே என்றேன்.

“அடுத்தவங்க உனக்கு அக்காவா?”

ஏப்ரல் 17
அக்கா என்னோடு பேசுவதில்லை.

மே 2
கட்டி பழைய அளவைத் தாண்டிவிட்டது. இனி அறுக்கவும் முடியாதாம். பேச்சு குழறுகிறது. மதியம் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தாள். குடை எடுத்துப் போனேன். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, கைகளை வெயிலில் நீட்டிக் காட்டினாள். வெகு நேரம்.

தோல் சிவக்கக்கூட இல்லை.