கம்பளிக்கு வெந்நீர் ஆகாது

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டுடாதே, முழுசாப் படி. ஆறு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லாதவ இப்ப எதுக்கு எழுதுறான்னு நீ யோசிக்கிறது எனக்குத் தெரியுது. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நேத்து உங்க அத்தான் ஹால்ல விரிச்சிருக்கிற கம்பளத்துல டீயைக் கொட்டிட்டார். நான் ஆசைப்பட்டு வாங்கின அதே கம்பளம்தான். சிவப்புச் சாயம் இறங்கின பக்கத்தை சோபாவுக்கு அடியில தள்ளி மறைச்சு வச்சிருக்கேன். மிச்சமிருந்த வெள்ளையிலதான் டீ, சரியா உள்ளங்கை அகலம். அவர் துணியை எடுத்துத் தேய்க்கப் போனார், கையைத் தட்டி விட்டேன். இதுவும் போச்சுன்னா அப்புறம் அது கம்பளம் இல்ல, சாக்கு.

இங்க இருக்கிற கடைக்காரங்களை நம்பிக் கொடுக்க மனசு வரல. நீ இருபது வருஷமா சலவைக் கடையில இருக்கிறவன். என்ன செய்யணும்னு எழுது. ஆனா ஒண்ணு, அன்னைக்கு நீ பண்ணின மாதிரி வெந்நீர் வைத்தியம் எல்லாம் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைச்சது. டீ காய்ஞ்சிருந்தாலும் பரவாயில்ல. தேய்க்காதீங்க, தேய்ச்சா கறை நூலோட அடி வரைக்கும் போயிடும். வெள்ளைத் துணியைப் பச்சைத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, கறை மேல வச்சு அழுத்தி அழுத்தி எடுங்க. ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு வாங்க, இல்லேன்னா கறை பரவும். அதுக்கும் போகலைன்னா ஒரு கப் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர். முதல்ல யார் கண்ணுக்கும் படாத மூலையில தொட்டுப் பாருங்க. துணியில சிவப்பு ஒட்டினா அதோட நிறுத்திடுங்க.

கொடியில தொங்கப் போடாதீங்க, ஈரத்தோட பாரத்துக்குக் கோணிக்கும். அடியில காத்துப் போற மாதிரி நிழல்ல விரிங்க.

கடைசியா ஒண்ணு. கம்பளிக்கு வெந்நீர் ஆகாது. சுருங்கிடும், சாயமும் இறங்கும். எங்க கடையில வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லித் தந்தாங்க. இந்த இருபது வருஷத்துல ஒரு தடவைகூட நான் கம்பளி மேல வெந்நீர் ஊத்தினதில்ல.

தம்பி


மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

கறை போயிடுச்சு. இருந்த இடமே தெரியல.

'அன்புள்ள'ன்னு ஒரு வார்த்தை போட உனக்குக் கை வரல. எப்போடா என்னை நீங்க, வாங்கன்னு கூப்பிட்டிருக்கே? வேத்து மனுஷிக்கு எழுதின மாதிரி இருந்துச்சு. கோபம் கோபமா வந்துச்சு. கடைசி வரியைப் பார்த்ததும் இன்னும் ஏறிச்சு. "பாருங்க, இன்னும் எப்படிப் புளுகுறான்"னு அத்தானுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன்.

அவர் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டு இருந்தார். கை அப்படியே நின்னுடுச்சு. பாதிப் பட்டனோட நாற்காலியில உட்கார்ந்தார். "அவன் இல்ல, நான்தான்"னார்.

நான் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வர்ற அன்னைக்கு என்னை அசத்தணும்னு நினைச்சாராம். கொதிக்கக் கொதிக்க ரெண்டு வாளி வெந்நீர், அதுல அரை டப்பா சோப்புத் தூள். அசத்திட்டார் மகராசன்! தையல் பிரிக்காத உடம்புக்காரிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்தாராம். அப்புறம் வாய் வரலையாம். ஆறு வருஷமாவா வராது?

ரெண்டு நாளா அவரோட நான் பேசல. ஆனா அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? "இந்தக் கையால இனிமே என் வீட்டுல எதையும் தொடாதே"ன்னு வாசல்ல நின்னு கத்தினது என் வாய்தானே. உன் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினதும் நான்தான். உனக்குப் பொண்ணு பிறந்ததை யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அவளுக்கு நான் அத்தை, முகம் தெரியாது எனக்கு.

தப்புப் பண்ணிட்டேன்டா. அந்தச் சிவப்பை இப்பவாவது எடுக்க முடியுமா? நீ வந்து பார்த்துச் சொல்லேன். மூணு பேருமா வாங்க.

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்கா,

அத்தான்தான்னு எனக்குத் தெரியும். நீ வீட்டுக்கு வர்றேன்னு அன்னைக்கு நான் வந்தேன். பின்பக்கம் போனா, அத்தான் கம்பளத்தை மிதிச்சுக்கிட்டு இருக்கார், ஆவி பறக்குது. வாளியைப் பிடுங்கிப் பச்சைத் தண்ணியா ஊத்தி சாயத்தை நிறுத்தப் பார்த்தேன். அதுக்குள்ள நீ வந்துட்டே. நனைஞ்ச பேண்ட்டும் கையில வாளியுமா நின்னது நான். அத்தான் என்னைப் பார்த்தார் பாரு, அந்த முகத்தைப் பார்த்துட்டு எனக்குச் சொல்ல வரல. ரெண்டு நாள்ல அவரே சொல்லிடுவார்னு நினைச்சேன்.

அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. நீயும் பேசாம இருக்காதே, பாவம். எனக்கு வலிச்சது வேற. எங்க கடையில எவ்வளவு நல்ல துணி கெட்டுப் போனாலும் முதலாளி முதல்ல "என்னப்பா ஆச்சு?"ன்னுதான் கேட்பார். நீ கேட்கவே இல்ல. என் தொழில் உனக்குத் தெரியும், நான் வளர்ந்ததே உன் கையில. "நீயாடா துவைச்சே?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்க்கா. வருஷக் கணக்கா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

வெந்நீர்ல இறங்கின சாயம் நூலைப் பிடிச்சுக்கும். உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும், இனிமே அது போகாது.

பொண்ணுக்கு நாலு வயசு ஆச்சு. உன்னை மாதிரியே மூக்கு மேல கோபம். வர்றதைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்லத் தெரியல, மனசு வரணும்.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது. அழுதேன். அத்தான் டீ போட்டுக் கொண்டு வந்து தூரத்துலயே வச்சுட்டுப் போனார். அவரோட பேசிட்டேன்.

கம்பளத்தை நானும் அவருமா தூக்கித் திருப்பிப் போட்டோம். சிவப்பு இறங்கின பக்கம் இப்ப ஹால் நடுவுல கிடக்கு. வர்றவங்க கேட்டா, என் வாய் பண்ணின வேலைன்னு சொல்றேன்.

உன்னை வான்னு இனி வற்புறுத்த மாட்டேன். மனசு வர்றப்ப வா, வராட்டியும் உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. அன்னைக்குக் கேட்டிருக்க வேண்டியதை மட்டும் இப்பக் கேட்கிறேன். ஒரு வரி பதில் போடு, போதும்.

என்னடா ஆச்சு? கம்பளத்தை நீயா துவைச்சே?

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

இல்லக்கா. நான் துவைக்கல.

உன் தம்பி