ரூபி மூனின் இடது முன்கால்

மே 4, புதன்

காலையில் மூடுபனி. பத்து மணிக்குப் பளிச்சென்று வெயில். மூன்று மணிக்கு ஆலங்கட்டி மழை. சமையலறைத் தகரம் மறுபடி ஒழுகல். தார் வாங்கி அடைக்க வேண்டும். சரசுவுக்கு முழங்கால் வலி, தைலம் தீர்ந்துவிட்டது.

மார்க்கெட்டில் காசிம் பாய் கடை. கம்பளி வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதுதான் இப்போது அவருக்கு முழுநேர வேலை. பெள்ளி மாஸ்டரும் இருந்தார். ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார், இந்த மலையின் படகர் இனத்தவர். ரேஸ் சீசனுக்குக் குதிரை லாரிகள் ஊட்டிக்கு வந்துவிட்டன. இனி ஜூன் வரை எங்கள் மூன்று பேருக்கும் ஒரே பேச்சு. இந்த ரேஸ் கோர்ஸ் பார்த்ததிலேயே பெரிய குதிரை எது?

வழக்கம்போல,
கா.பாய்: ரூபி மூன்.
நான்: சில்வர் ஓக்.
மாஸ்டர்: ஒரு பம்பாய்க் குதிரை. அது ஊட்டிக்கு வந்ததே இல்லை. மாஸ்டர் அதைப் பேப்பர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் விட மாட்டார்.

இந்தத் தடவை எழுதியே தீர்த்துவிடுவது என்று பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் கா.பாய். மேலே ‘முதல் பத்து’ என்று தலைப்பு. ஒன்றாம் இடத்தையே தாண்டவில்லை.

“மேட்டு வளைவுல கடைசிக்கு முந்தின குதிரையா வந்துச்சு. நான் ரோட்டு மேல நின்னு பாத்தேன். மூச்சு விட்டு முடிக்கிறதுக்குள்ள முன்னாடி போயிருச்சு” என்றார்.

“சில்வர் ஓக் தொடக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் முன்னாடியேதான் ஓடும். பின்னாடி போயி முன்னாடி வர்ற வேலையே அதுக்குக் கெடையாது பாய்.”

மாஸ்டர் சிரித்தார். “ரெண்டையும் பம்பாய்க்குக் கொண்டுபோயி விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

கா.பாய் பேனாவை மூடி என் பக்கம் திரும்பினார். “ரூபிக்குப் புல்லுப் போட்டது நீ. குளிப்பாட்டுனது நீ. ரெண்டு சீசன் அது பக்கத்துலயே படுத்துக் கெடந்தவன். ஊரே ரூபின்னு சொன்னாலும் நீ ஒருத்தன் மட்டும் எதிர் ஓட்டுப் போடறியே, ஏம்ப்பா?”

சிரித்து மழுப்பினேன். மழை பிடித்துக்கொண்டது. குடை கொண்டுபோகவில்லை. நனைந்தே வந்தேன்.

மே 5, வியாழன்

நல்ல வெயில். தார் கிடைத்தது. தகரத்தை அடைத்தாயிற்று. தைலம் மறந்துவிட்டது. சரசுவிடம் திட்டு.

கா.பாய் கேட்டது மண்டைக்குள்ளேயே இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய மனைவி சரசுவிடம்கூட. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பெரிய கோப்பைக்கான ரேஸ் அன்று காலை. ரூபியின் கால் கட்டுகளை அவிழ்த்துத் தடவிப் பார்க்கிறேன். இடது முன்கால். குளம்புக்கு மேலே, கணுவில் சூடு. மற்ற மூன்று கால்களும் குளிர்ந்து கிடக்கின்றன. கையைத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். சூடுதான்.

உடனே டிரெயினரிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. முந்தின வாரம்தான் ஒன்றுமில்லாத இருமலைப் பெரிதாக்கிச் சொல்லி, லாயத்தில் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அது ஒரு காரணம். நிஜமான காரணம் வேறு. ரூபி ஓட வேண்டும் என்று ஆசை. சில்வர் ஓக்கை அவள் ஜெயிப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் அந்தக் காலைத் தொட்டுப் பார்க்கவே இல்லை.

நாலாவதாக வந்தாள். இடது முன்கால் நொண்டி. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் டாக்டரும் டிரெயினரும் சூழ்ந்துகொண்டார்கள். கித்தான் மறைப்புக் கட்டினார்கள். என்னை உள்ளே விடவில்லை. கூட்டத்தில் ஒரு குரல், “அவ்வளவுதான், இதோட கதை முடிஞ்சுது.” மாலையே குதிரை லாரி மழையில் மலையிறங்கிப் போனது; உள்ளே அவள் உயிரோடு இருந்தாளா, தெரியாது.

அதற்கப்புறம் அவள் எங்கும் ஓடவில்லை. கால் போன குதிரையைச் சுட்டுவிடுவது வழக்கம். சுட்டுவிட்டார்களா என்று கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்? இரண்டாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையின் அந்தப் பக்கம் குந்தா. அணை வேலை, பிறகு பவர் ஹவுஸ், அங்கேயே ரிட்டயர். முப்பத்தாறு வருஷம். சீசனுக்குச் சீசன் காசிம் பாய் கடைக்கு வந்து போயும், இப்போது ஊட்டியிலேயே குடியேறியும் ரேஸ் கோர்ஸ் வேலிப் பக்கம் போனதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குக்கூடச் சுற்றுவழி.

ரூபிதான் பெரிய குதிரை என்று என் வாயால் எப்படிச் சொல்வது? அப்படிச் சொன்னால் அதைக் கொன்றவன் நான் என்று ஆகிறது. அதனால் சில்வர் ஓக்.

மே 7, சனி

மேகமூட்டம். மலர்க் காட்சிக் கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது. மார்க்கெட்டில் நடக்க இடமில்லை. தைலம் வாங்கியாயிற்று.

கா.பாய் தூரத்திலேயே கையை ஆட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“யாரு வந்திருக்காங்க சொல்லு? தேவசகாயம்! ரூபி மேல ஒக்காந்து ஓட்டுன ஜாக்கி! பேத்தி லவ்டேல்ல படிக்குதாம், பாக்க வந்திருக்காரு. நாளைக்குப் பதினொரு மணிக்கு இங்கதான் டீ. அவரே தீர்ப்புச் சொல்லட்டும். ஒன்னையக் கேட்டாருப்பா. பழனி உசுரோட இருக்கானான்னு.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தேவா சார் அந்த மறைப்புக்குள் நின்றவர். எல்லாம் தெரிந்தவர்.

தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டேன். சரசு, “ஏனுங்க, புளி ஜாஸ்தியாயிருச்சா?” இல்லை என்றேன்.

மே 8, ஞாயிறு

ஓடிவிட்டேன். வேறு எப்படி எழுதுவது? காலை எட்டு மணி பஸ்ஸில் குன்னூர். பல் டாக்டரைப் பார்க்க என்று சரசுவிடம் பொய். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பல் டாக்டர்? அவளும் கேட்கவில்லை.

குன்னூரில் வேலை ஒன்றும் இல்லை. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாத்துகள். புதுமணத் தம்பதிகள் போட்டோ. ஐம்பத்தெட்டு வயது ஆள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட மாதிரி. இரண்டு வர்க்கி, ஒரு டீ. நாலு மணி பஸ்ஸில் திரும்பினேன்.

சரசு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “ஒருத்தரு ஊட்டுக்கே வந்துட்டுப் போனாருங்க. குட்டையா, ஒல்லியா, தொப்பி போட்டுட்டு. காசிம் பாய்தான் வழி காட்டி அனுப்புனாராம். அரைமணி நேரம் ஒக்காந்திருந்தாரு. மறுபடி நாளைக்குக் காலையில வர்றாராம். பல்லு எப்பிடி இருக்குதுங்க?”

“தேவலை.”

“எந்தப் பல்லு?”

கைகால் கழுவப் போய்விட்டேன்.

மே 9, திங்கள்

வரிசையாக எழுத வேண்டும், எதுவும் விட்டுப்போகக் கூடாது.

ஒன்பதரைக்கு வந்தார். தலை முழுக்க நரை. ஆனால் நடை அதே நடை, கால் இரண்டும் வில் மாதிரி வளைந்து. உட்காரச் சொன்னேன். சரசு காபி வைக்கப் போனாள். அவர் காபிக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

“பழனி, நேத்து நான் வர்றேன்னு தெரிஞ்சுதான போயிட்ட? கோவம் இன்னும் தீரலையா?”

எனக்குப் புரியவில்லை. “கோவமா? யார் மேல சார்?”

“எம்மேலதான். நீ ரெண்டு நாள்ல சொல்லாம கொள்ளாம போனப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். ரேஸை நான்தான தோத்தேன்! வெளிப்பக்கமா சுத்திப் போயிருக்கணும். இடம் கெடைக்கும்னு உள்ளுக்குப் போய் மாட்டிக்கிட்டேன். முன்னாடி மூணு குதிரை, இடது பக்கம் ஒண்ணு. அந்தப் பக்கத்துக் குதிரை அவ இடது முன்கால மிதிச்சிருச்சு. நல்ல வெட்டு. அவ ஜெயிக்க வேண்டிய ரேஸ். உன் மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் அன்னிக்கு நான் உங்கிட்ட வரல.”

மிதித்துவிட்டதா?

அப்புறம் நான் சொன்னேன். காலைச் சூடு. மறைத்தது. எல்லாம். சரசு காபித் தட்டோடு கதவருகில் நின்றுவிட்டாள்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“சூடு எங்களுக்கும் தெரியும்பா. டாக்டர் ஏழு மணிக்கே தொட்டுப் பாத்தாரு. கட்டு இறுக்கமா இருந்த சூடு. நடக்க வெச்சுப் பாத்தோம், ஓட வெச்சுப் பாத்தோம், அரைமணி நேரத்துல ஆறிப்போச்சு. அப்புறம்தான் ஓடலாம்னு சொன்னாரு. நீ அந்த நேரம் தண்ணி கொண்டாரப் போயிருந்த.” பிறகு சொன்னார்: “நீ சொல்லியிருக்கணும். அது தப்புதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கும் அவ அடிபட்டதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது.”

“சுட்டுட்டாங்களா சார்?”

கேட்டுவிட்டேன். முப்பத்தாறு வருஷம் கழித்து.

“யார? ரூபியவா?” சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “அடப்பாவி. அப்பிடியா நெனச்சிட்டிருந்த? ரெண்டு மாசத்துல புண்ணு ஆறிருச்சு. மறுபடி ஓட விட வேண்டாம்னு பெங்களூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்கு அனுப்பிட்டாங்க. எட்டுக் குட்டி போட்டா. அதுல ஒருத்தன் மேல நானே ஒக்காந்து ஜெயிச்சிருக்கேன். இருபத்திரண்டு வயசு வரைக்கும் இருந்தா. கெழவியாகியும் திமிரு அடங்கல. யாரையும் காதைத் தொட விட மாட்டா.”

அது சரி. என்னைத் தவிர யாரையும் காதைத் தொட விட மாட்டாள்.

பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தார். புல்வெளியில் ரூபி. வயிறு சரிந்து, முதுகு குழிந்து. பக்கத்தில் நெட்டைக் காலோடு ஒரு குட்டி. நெற்றியில் அதே வெள்ளைப் பொட்டு. என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அழுதேன். அவரும். சரசு காபியை வைத்துவிட்டு ஆறுகிறது, குடியுங்கள் என்றாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இத்தனை வருஷம். அவர் நான் கோபித்துக்கொண்டேன் என்று. நான் ரூபியைக் கொன்றுவிட்டேன் என்று. ஒரு கார்டு போட்டிருந்தால் போதும்.

மத்தியானம் படுத்துத் தூங்கினேன். எழுந்தபோது ஐந்து மணி. இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று.

மே 10, செவ்வாய்

தூறல். குளிர். மாஸ்டர் கழுத்தில் மப்ளர், தலையில் குல்லா, அதற்கு மேல் இன்னொரு மப்ளர்.

கா.பாய் கடையில் தீர்ப்பு நாள். தேவா சார் நடுவில். காலண்டர் தாள் தயார். கா.பாய் பேனாவைத் திறந்து, “சொல்லுங்க, எந்தக் குதிரை?”

தேவா சார் யோசித்தார். “நான் ரூபிய ஓட்டுனவன். மனசு அங்கதான். ஆனா உள்ளதச் சொல்லணும்னா சில்வர் ஓக்.”

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

“எப்பிடிங்க சார் சொல்றீங்க? சில்வர் ஓக்குக்கு மழை பெஞ்சா கால் வராது. ரூபி சேத்துலயும் ஓடுவா, காஞ்ச தரையிலயும் ஓடுவா. வளைவுல அவ கால் மாத்தற அழக நீங்களே சொல்லியிருக்கீங்க. உள்ள மாட்டாம இருந்திருந்தா சில்வர் ஓக் அவ வாலைத்தான் பாத்திருக்கும்!”

கா.பாய் வாயைத் திறந்தபடி. “டேய், நீ எந்தக் கட்சிடா?”

“ரூபி. எப்பவும் ரூபிதான்.”

“முப்பது வருசமா என்னோட சண்டை போட்டயே!”

“அது வேற விசயம் பாய்.” பிறகு அதையும் சொன்னேன். சுருக்கமாக. கா.பாய் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் பலமாகவே.

ரூபி 2, சில்வர் ஓக் 1, மாஸ்டரின் பம்பாய்க் குதிரை 1. தாளில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இரண்டாம் இடம் எது என்று சண்டை மூண்டது. தேவா சாருக்கு லவ்டேல் பஸ், ஓடினார்.

மே 11, புதன்

வெயில். போர்வைகளைக் காயப் போட்டோம்.

துணி மடித்துக்கொண்டே சரசு கேட்டாள். “எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல.”

“கல்யாணமான புதுசுல தூக்கத்துல ‘சூடு, சூடு’ன்னு சொல்லுவீங்க. காய்ச்சல்னு நெனச்சுக் கசாயம் வெச்சுக் குடுப்பேன். எத்தனை கசாயம் குடிச்சீங்க, ஒரு வார்த்தை சொல்லாம.”

சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி சிரிப்பு.

தேவா சார் ஊருக்குக் கிளம்பிவிட்டார். விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன்.

மே 14, சனி

ரேஸ் நாள். சரசுவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பச்சைச் சேலை, முழங்காலுக்குத் தைலம், கையில் முறுக்கு டப்பா.

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலில் மணம் வந்தது. வியர்வை, நனைந்த புல், தோல் வார். பிறகு தரை அதிர்ந்தது. சரசு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அம்மாடி, இத்தனை பெருசா இருக்குமா!” கிட்டத்தில் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

மூன்றாவது ரேஸுக்கு முன்னால் கேட்டாள். “இதுல எது ஜெயிக்கும், சொல்லுங்க பாக்கலாம்.”

நடையைப் பார்த்தேன். தோளைப் பார்த்தேன். “ஏழாம் நம்பர். சந்தேகமே இல்லை.”

ஏழாம் நம்பர் கடைசியாக வந்தது.

“ரெண்டு சீசன் குதிரையோட படுத்துக் கெடந்தீங்களாமா?” என்றாள் சரசு. முறுக்கை நீட்டினாள்.