குப்பி வாங்கும் சனிக்கிழமை

2003 ஜூன் 7, சனி
மாதத்தின் முதல் சனி, ராணுவ கேண்டீன் நாள். இன்று மட்டும் என் புருஷன் அவரே டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார். என்ன அக்கறை! ராணுவ மருத்துவமனையில் பத்து வருடம் நர்ஸாக இருந்து கேப்டனாக வெளியே வந்தேன். மிச்சம் இந்த கேண்டீன் கார்டு. நான் நேரில் போனால்தான் ரம் தருவார்கள்.

வாங்கிக்கொண்டு வலியசாலைக்கு ஓடினேன். ஓய்வுபெற்ற மேஜர் சீதாலக்ஷ்மி வீட்டில் ஒரு மணி நேரம். மேஜரைத் தவிர நாங்கள் ஐந்து பேர்; ஐந்து பேரும் பழைய பட்டாள நர்ஸுகள், ஐந்து பேரும் புருஷனிடம் அடி வாங்குகிறவர்கள். அக்ரஹார வீடு; ரம் குப்பிகள் செருப்போடு வெளியே இருக்க வேண்டும்.

ஜூன் 8
இடது காதில் இரைச்சல். சர்ச்சுக்குப் போகவில்லை.

ஜூன் 19
மகள் ஆர்ஷா பள்ளிக்கூட மலையாளத்தில் கேட்டாள்: "அம்மா பட்டாளத்திலல்லே இருந்நது? பின்னெ எந்தினா பேடி?" ஆமாம், பட்டாளத்தில் இருந்தவளுக்கு எதற்கு இந்தப் பயம்? அவளுக்கு ஒன்பது வயசு. தலை வாரிவிட்டேன்.

ஜூலை 5, சனி
மேஜர் இன்று விடவில்லை. "அடியும் வாங்கறேள், அடிக்கறவனுக்கு ரம்மையும் நீங்களே வாங்கிண்டு போறேள். நன்னாருக்குடி!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வெறுங்கையோட போனா அடுத்த மாசம் ஆரு மேடம் வெளிய விடுவா?" எங்கள் ஐவரில் ஒருத்தி ஷிஜி சிரித்தாள், பிறகு அழுதாள். அவள் வீட்டிலும் இதே கதைதான். குப்பி கொண்டுபோனால் அடி. கொண்டுபோகாவிட்டால் இந்த ஒரு மணி நேரமும் கிடையாது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி
கவுண்டரில் வழக்கம்போல இரண்டு குப்பியை எடுத்து வைத்தார்கள். வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன்? தெரியாது. சோப்பு மட்டும் வாங்கினேன். மேஜர் வீட்டுக்குப் போகவும் தைரியம் இல்லை.

வீட்டில் அவர் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். "கேப்டனம்மா, குப்பி எங்கட்டி?"

ஆகஸ்ட் 3
இடது கையால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 6, சனி
காலையிலேயே கிரில் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "இனி எங்கயும் போவாண்டாம்." சரி, எல்லாம் முடிந்தது என்று அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு இரண்டு ஆட்டோ வந்து நின்றன. மேஜர், ஷிஜி, மற்ற மூவர். பூட்டைப் பார்த்தார்கள். "நீ வரலேன்னா என்ன, நாங்க வந்துட்டோம்" என்று மேஜர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். என் புருஷன் கத்திக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு நேசையன், சர்ச் கமிட்டிக்காரர், இவர் மதிக்கிற ஒரே ஆள், வெளியே வந்து நின்றதும் இவர் உள்ளே போய்விட்டார்.

கிரிலுக்கு இந்தப் பக்கம் நான். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். பிறகு தெருவுக்கே கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். காது, கை, எல்லாம். இவரோ அறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். சாவி அவரிடம்தான், ஆனால் வாசலில் நாங்கள்.

கதவைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரு மணிக்கு அவரே திறந்தார். ஆர்ஷாவைக் கூட்டிக்கொண்டு, அவள் யூனிஃபார்மையும் எடுத்துக்கொண்டேன். மேஜர் ஆட்டோவில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.